கட்டண அட்டையில் இல்லாத கட்டணங்கள்

தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறோம்: ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? பள்ளி அலுவலகம் ஓர் எண்ணைச் சொல்கிறது. அதை மாத வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் சமாளித்துவிடலாம் என்று முடிவுக்கு வருகிறோம். அந்த எண் பொய்யானதன்று. ஆனால் அது கற்பிப்பதற்கான கட்டணம் மட்டுமே. ஒரு பிள்ளை அந்தப் பள்ளியின் மாணவராக ஓராண்டைக் கழிப்பதற்கு ஆகும் செலவு அதைவிடப் பெரியது. எவ்வளவு பெரியது என்பது சேர்க்கைக்கு முன் தெரிவதில்லை, சேர்த்த பிறகு சுற்றறிக்கை சுற்றறிக்கையாகத் தெரியவருகிறது.

வீட்டுக் கணக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், இந்தச் செலவுகள் எப்படி வருகின்றன என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறேன். தொகை எவ்வளவு என்பதைக் காட்டிலும் அவை எப்போது வருகின்றன என்பதே என்னை அதிகம் யோசிக்க வைத்திருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளி பழகி, நண்பர்கள் அமைந்து, ஆசிரியருடைய பெயரை வீட்டில் நாள்தோறும் சொல்லத் தொடங்கிய பிறகே அவை ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. எது தேவை என்று முடிவு செய்வது பள்ளி, பணம் கொடுப்பது பெற்றோர், பணம் கொடுக்க மறுத்தால் வகுப்பில் தனித்து நிற்க வேண்டியது பிள்ளை. இந்த மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதால்தான், கடைக்காரரிடம் பேரம் பேசத் தயங்காத நாம் பள்ளியிடம் வாய் திறப்பதில்லை.

தனியார் பள்ளிகளே கூடாது என்று வாதிடுவது என் நோக்கமன்று. என் பிள்ளைகளும் அப்படியொரு பள்ளியில்தான் படிக்கிறார்கள். கல்விச் செலவைக் குடும்பங்கள் சுமப்பது தனியார் பள்ளிகளோடு முடிகிற விஷயமும் அன்று. அரசு சாராத கல்வி நிறுவனங்களைப் பற்றி யுனெஸ்கோ 2021/22ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, உலகம் முழுவதும் கல்விக்காகச் செலவாகும் பணத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைக் குடும்பங்களே ஏற்கின்றன என்று கணக்கிட்டது. கட்டணமில்லாத அரசுப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் நோட்டு, சீருடை, பேருந்து, தனிப்பயிற்சி என்று செலவு இருக்கவே செய்கிறது. தனியார் பள்ளியில் இருக்கும் வேறுபாடு, 'எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டிவிட்டோமே' என்ற எண்ணத்தோடு நாம் உள்ளே நுழைகிறோம் என்பதுதான்.

சேர்க்கையிலேயே இது தொடங்கிவிடுகிறது. விண்ணப்பப் படிவத்துக்கு ஒரு தொகை, பதிவுக்கு ஒரு தொகை, சில இடங்களில் நேர்காணலுக்கு ஒரு தொகை என்று வாங்குகிறார்கள். இடம் கிடைக்காவிட்டாலும் இவை திரும்பி வருவதில்லை. எந்தப் பள்ளியில் இடம் உறுதியாகும் என்று தெரியாத நிலையில் நான்கைந்து பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் பெற்றோர், பிள்ளை ஒரு நாள்கூட வகுப்பில் உட்காரும் முன்பே கணிசமாகச் செலவழித்துவிடுகிறார்கள். அடுத்து ஒரு முறை மட்டும் கட்ட வேண்டிய சேர்க்கைக் கட்டணம், கட்டட வளர்ச்சி நிதி, காப்புத்தொகை எனப்படும் காஷன் டெபாசிட், சில பள்ளிகளில் இன்னமும் ரசீது இல்லாமல் கேட்கப்படும் டொனேஷன். இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி அறிவித்துள்ள கட்டணத்துக்கு வெளியே பெறப்படும் எந்த நன்கொடையையும், எந்தப் பங்களிப்பையும், வேறு எந்தத் தொகையையும் தலைக்கட்டணம் என்றே வரையறுத்து அதைத் தடைசெய்கிறது. மீறினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். இதைவிட விரிவான வரையறையை எழுத முடியாது என்றே தோன்றும். ஆனால் அந்த வரையறை முழுவதும் 'அறிவித்துள்ள கட்டணம்' என்ற ஒன்றின் மேல் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு தலைப்புகளில் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டால் அவையனைத்தும் அறிவித்த கட்டணமாகிவிடுகின்றன. நாம் மனத்தில் வைத்துக்கொண்ட முதல் எண்ணில் மட்டும் அவை இருப்பதில்லை.

காப்புத்தொகையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் செலவாகவே கருதுவதில்லை. பிள்ளை பள்ளியைவிட்டுப் போகும்போது திரும்பக் கிடைக்கப்போகும் பணம்தானே என்று எண்ணுகிறோம். வட்டியில்லாமல் 12 ஆண்டுகள் பள்ளியிடம் கிடக்கும் பணம் அது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், 12 ஆண்டுகள் கழித்துத் திரும்பும் தொகைக்கு, கொடுத்த நாளில் இருந்த வாங்கும் திறனில் பாதிதான் இருக்கும். ரசீதில் உள்ள எண் மாறாமல் இருப்பதால் பாதித் தொகையைச் செலவழித்துவிட்டோம் என்பது கண்ணில் படுவதில்லை.

பொருளியலில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஸேவியே கபே, டேவிட் லெய்ப்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், முதன்மைப் பொருளின் விலையைக் குறைத்துக் காட்டி, அதோடு பின்னால் வாங்கியே தீர வேண்டிய துணைப்பொருள்களின் விலையை மறைத்து வைக்கும் வணிகத்தை ஆராய்ந்தார்கள். அச்சுப்பொறியை மலிவாக வாங்கிவிட்டு மைக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. போட்டி மிகுந்தால் இந்த மறைப்பு தானாக நீங்கிவிடும் என்று நாம் நினைப்போம். அப்படி நீங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் நேர்மையான பள்ளி, பக்கத்துப் பள்ளியைவிட விலை கூடியதாகத் தோன்றும். கேட்பவர்கள் முதல் எண்ணை மட்டும் ஒப்பிடும் வரை, முழு எண்ணைச் சொல்பவருக்குத்தான் நட்டம். ஆகவே இதைப் பள்ளி நிர்வாகிகளின் பேராசை என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எனக்கு ஒப்புதலில்லை. நாம் ஒப்பிடும் முறையும் இதற்கு இடம்கொடுக்கிறது.

புத்தகத்தை எடுத்துக்கொள்வோம், முடிவு செய்யும் பள்ளி, பணம் கொடுக்கும் பெற்றோர், நடுவில் நிற்கும் பிள்ளை என்ற முக்கோணம் மிகத் துலக்கமாகத் தெரிவது அங்கேதான். நூலைத் தேர்ந்தெடுப்பவர் அதன் விலையைக் கொடுப்பதில்லை. விலையைக் கொடுப்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. இதனால் பதிப்பாளர்கள் பெற்றோரை மனத்தில் வைத்து விலையைக் குறைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை, பள்ளியின் கண்ணில் பட்டால் போதும். பாடநூலோடு பயிற்சி நூல், பயிற்சி நூலோடு செயல்பாட்டு நூல், பொது அறிவுக்கு ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று, நீதிக்கதைகளுக்கு ஒன்று என்று ஒரு தொகுப்பாகத்தான் தருகிறார்கள். அகராதியும் அட்லசும் சென்ற ஆண்டே வாங்கியவை வீட்டில் இருந்தாலும், தொகுப்பிலிருந்து அவற்றை மட்டும் நீக்கித் தர இயலாது என்பார்கள். ஒரு காலத்தில் அக்காவின் புத்தகம் தம்பிக்குப் போகும். இன்று பயிற்சி நூலில் விடையை நூலிலேயே எழுத வேண்டும் என்பதால் ஆண்டு முடிந்ததும் அது பழைய காகிதம்தான். இணையப் பயிற்சிக்கான நுழைவுக் குறியீட்டை நூலின் உள் அட்டையில் அச்சிட்டு, ஒருமுறை பயன்படுத்திவிட்டால் வேறொருவர் பயன்படுத்த முடியாதபடி செய்துவிடுகிறார்கள். நூல் கசங்காமல் இருந்தாலும் அடுத்த பிள்ளைக்கு உதவாது. பழைய புத்தகச் சந்தையை இவ்வளவு அமைதியாக ஒழித்துக்கட்ட வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

பள்ளியின் பெயர் அச்சிட்ட நோட்டுகளும் இதே வகைதான். கோடு போட்ட 100 பக்க நோட்டு எங்கே வாங்கினாலும் எழுதத்தான் போகிறது. மேலட்டையில் பள்ளியின் சின்னம் இருக்க வேண்டும் என்று விதித்த பிறகு அதை ஒரே இடத்தில்தான் வாங்க முடியும், ஆகவே ஒரே விலைக்குத்தான் வாங்க முடியும். பாதி எழுதாமல் விட்ட நோட்டைக் கிழித்துத் தைத்து அடுத்த ஆண்டுக்குப் பயன்படுத்தும் பழக்கமும் இத்தோடு போய்விட்டது.

சீருடையில் செலவைத் தீர்மானிப்பது துணியின் விலையைவிடப் பிள்ளையின் எலும்பு. மழலைப் பருவம் கடந்த பிள்ளை ஆண்டுக்குச் சுமார் 5 அல்லது 6 சென்டிமீட்டர் உயர்கிறது. பருவ வளர்ச்சியின் உச்சத்தில் அது 8, 10 சென்டிமீட்டர் வரை போகிறது. ஆகவே அன்றாடச் சீருடை, விளையாட்டுச் சீருடை, அணி நிறத்தில் ஒரு டி-ஷர்ட், விழா நாள்களுக்கு ஒரு மேலங்கி, கறுப்புக் காலணி, வெள்ளைக் காலணி என்ற மொத்தத் தொகுப்பையும் கிழிவதற்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கிறது. நிர்வாகம் இடையில் சின்னத்தை மாற்றிவிட்டால் மூத்த பிள்ளையின் உடை இளைய பிள்ளைக்குப் பயன்படாது. இதில் பெற்றோரால் செய்யக்கூடிய சிறிய வேலை ஒன்று உண்டு: உடன்பிறந்தவர்களை ஒரே அணியில் போடும்படி சேர்க்கையின்போதே எழுத்தில் கேட்டுவிடலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், ஆனால் கேட்காவிட்டால் தானாகச் செய்யவும் மாட்டார்கள்.

போக்குவரத்தில்தான் நம் கணக்கு மிகவும் பிசகுகிறது. வீட்டுக்கு அருகில் இருக்கும் பள்ளியை விட்டுவிட்டு 8 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் 'நல்ல' பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் விட்டுவிட்டுத் திரும்பி, மாலையில் போய் அழைத்துவர, நாளொன்றுக்கு 32 கிலோமீட்டர். ஆண்டுக்கு 220 பள்ளி நாள்கள் என்றால் 7,040 கிலோமீட்டர். இரண்டு சக்கர வண்டியோ காரோ, எரிபொருளோடு வண்டியின் தேய்மானமும் பராமரிப்பும் இதற்குள் இருக்கின்றன. பள்ளிப் பேருந்தில் அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை என்று எண்ணிச் சேர்த்தால், விடுமுறை மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்கும் பள்ளிகள் உண்டு. எரிபொருள் விலை ஏறினால் ஆண்டின் நடுவிலேயே வேன் ஃபீஸ் ஏறும், விலை இறங்கிய காலத்தில் அது இறங்கியதை நான் பார்த்ததில்லை. மேலும், பள்ளிப் பேருந்து பாடவேளை முடிந்ததும் கிளம்பிவிடும். மாலையில் நடக்கும் நீச்சல், சதுரங்கம், கூடைப்பந்து எதில் பிள்ளை சேர்ந்தாலும், அந்தப் பயிற்சிக்கான கட்டணத்தோடு பேருந்து இல்லாத பயணத்துக்கான செலவும் சேர்ந்தே வருகிறது. சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புக்கும் அப்படியே.

பயணத்துக்குக் கொடுக்கும் பணத்தை எழுதிவைக்கலாம், கொடுக்கும் நேரத்தை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் யாராவது நிற்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் தாய். அவர் முழுநேர வேலையைப் பகுதிநேரமாக மாற்றிக்கொள்கிறார், அல்லது வெளியூர்ப் பயணம் தேவைப்படும் பதவி உயர்வை வேண்டாம் என்கிறார். பெற்றோர் ஆசிரியர் கூட்டம், பெற்றோர் பள்ளியைப் பார்வையிடும் நாள், விளையாட்டு விழா, ஆண்டு விழா ஒத்திகை ஆகியவை எல்லாம் வேலை நாளின் நடுவில் வருகின்றன. பல தனியார் பள்ளிகளில் விடுமுறைகளும் நீளமானவை. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் இல்லையென்றால் கோடை முகாமுக்கும் காப்பகத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும். விட்டுக்கொடுத்த சம்பளத்தையும் சேர்த்து எழுதினால், சில குடும்பங்களில் பள்ளிக் கட்டணத்தைவிட இந்தத் தொகையே பெரிதாக இருக்கும். இதற்குப் பள்ளியைக் குறைசொல்ல முடியாது. ஆனாலும் எந்தப் பள்ளி, எவ்வளவு தூரம் என்று முடிவு செய்யும் நாளில் இதை மேசையில் வைத்துப் பேசியாக வேண்டும்.

சிறிய வசூல்களை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவை. அடையாள அட்டை, டைரி, குழுப் புகைப்படம், ஸ்மார்ட் கிளாஸ், காப்பீடு, செயலிப் பராமரிப்பு, இணையவழியில் கட்டினால் பரிமாற்றக் கட்டணம், ஒரு நாள் தாமதித்தால் அபராதம். இரவு ஒன்பது மணிக்கு வரும் 'நாளை சார்ட்டும் தெர்மாகோலும் கொண்டுவரவும்' என்ற செய்தியையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டு விழாவுக்கு உடை வாடகைக்கு எடுக்கச் சொல்கிறார்கள். மேடையின் ஓரத்தில் அசையாமல் மரமாக நிற்கும் பிள்ளைக்கும் அந்த வாடகை உண்டு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் எதிர்த்துக் கேட்கும் அளவுக்குப் பெரியதன்று. அப்படி இருப்பதால்தான் யாரும் கேட்பதில்லை, கேட்காததால் அடுத்த ஆண்டு பட்டியல் இன்னும் இரண்டு வரி நீள்கிறது.

சுற்றுலா மட்டும் இவற்றிலிருந்து வேறுபட்டது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரலாம் என்று சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது, சட்டப்படி அதில் குற்றம் காண முடியாது. ஆனால் வகுப்பில் நாற்பது பேர் போகும்போது போகாத இரண்டு பேர் அந்த நாள்களை நூலகத்தில் கழிப்பார்கள், திரும்பி வந்த நாற்பது பேரும் ஒரு மாதத்துக்கு அதைப் பற்றியே பேசுவார்கள். இந்த நிலையில் முடிவெடுப்பது பெற்றோர் என்று சொல்வது ஒரு சம்பிரதாயம்தான். வெளிநாட்டுப் பரிமாற்றப் பயணம் என்றால் கடவுச்சீட்டு, விசா, குளிருடை, கைச்செலவு என்று சுற்றறிக்கையில் உள்ள தொகைக்கு மேல் இன்னொரு தொகை எழும். எங்கள் வீட்டில் நாங்கள் வகுத்துக்கொண்ட விதி, பள்ளிக் காலம் முழுமைக்கும் பெரிய பயணம் ஒன்றே ஒன்று, அது எது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம் என்பது. மறுப்பின் சுமை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிள்ளையின் மேல் விழாமல் இருக்க இது ஓரளவு உதவுகிறது.

தனிப்பயிற்சியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. நல்ல கற்பித்தல் கிடைக்கும் என்பதற்காகத்தான் தனியார் பள்ளிக்குப் பணம் கட்டுகிறோம். கட்டிய பிறகு, பள்ளியில் நடத்தியது புரியவில்லை என்பதற்காக டியூஷனுக்கும் கட்டுகிறோம். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறோம் என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பவர்கள் குறைவு, ஏனென்றால் பள்ளிக் கட்டணம் தவணையில் போகிறது, டியூஷன் கட்டணம் மாதச் செலவில் கலந்துவிடுகிறது. மேல் வகுப்புகளில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி சேர்ந்துகொள்ளும்போது பள்ளி வருகைப்பதிவுக்கு மட்டுமான இடமாகவும், பயிற்சி மையம் உண்மையான பள்ளியாகவும் மாறிவிடுகிற வீடுகள் உண்டு. பள்ளிக்குள்ளேயே கூடுதல் கட்டணத்தோடு ஒருங்கிணைந்த பயிற்சி தருவதாகச் சொல்லும் நிறுவனங்களிடம் நான் கேட்க விரும்புவது, அந்தப் பயிற்சியில் சேராத பிள்ளைக்கு அதே ஆசிரியர் வகுப்பில் எவ்வளவு கற்றுத்தருகிறார் என்பதுதான். இந்தியச் சட்டம் ஆசிரியர்கள் தனிப்பட்ட முறையில் டியூஷன் எடுப்பதைத் தடைசெய்திருப்பதற்குக் காரணமும் இந்த நல முரண்தான் என்று நினைக்கிறேன்: வகுப்பில் குறைத்து நடத்தினால் வீட்டில் வருமானம் கூடும் என்ற நிலையில் ஒருவரை வைக்கக் கூடாது.

பாடத்திட்டத்தைப் பொறுத்தும் செலவு மாறுகிறது. சர்வதேசப் பாடத்திட்டங்களில் இறுதித் தேர்வுக்குப் பாடத்துக்கு ஒன்றாகத் தனிக்கட்டணம் உண்டு, அது பள்ளிக் கட்டணத்தில் சேராது. அவற்றில் ஒன்றான ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) டிப்ளமாவில் கணக்கு எடுக்கும் மாணவருக்கு வரைபடம் வரையும் கணிப்பான் தேவை. சாதாரணக் கணிப்பானைவிட அது பல மடங்கு விலை கூடியது. மடிக்கணினி, டேப்லட் ஆகியவற்றில் குறிப்பிட்ட மாதிரியைத்தான் வாங்க வேண்டும் என்று விதிக்கும் பள்ளிகளில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

சுற்றத்தால் வரும் செலவு இன்னொன்று இருக்கிறது. வகுப்புத் தோழர்களின் பிறந்தநாள் விழாக்கள், அவற்றுக்கான பரிசுகள், அவர்கள் அணியும் காலணி, விடுமுறைக்குப் போய்வரும் இடங்கள் ஆகியவை நம் வீட்டில் எது இயல்பு என்பதை மெல்ல மாற்றிவிடுகின்றன. பள்ளி இதில் எதையும் கேட்பதில்லை. நம் வருமானத்தைவிட வெகுவாகக் கூடிய வருமானம் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளியைத் தேர்ந்தெடுத்தால், அந்த வாழ்க்கை முறையின் ஒரு பகுதியையும் சேர்த்தே வாங்குகிறோம்.

இனி ஆண்டுதோறும் ஏறும் கட்டணத்துக்கு வருகிறேன். முதல் வகுப்பில் கட்டணம் 100 என்று கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுக்கு 1,200 என்று கணக்கிட்டுத்தான் பெரும்பாலோர் மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்வு என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் கட்டணம் 233 ஆகியிருக்கும், மொத்தம் 1,898 ஆகும். உயர்வு 10 விழுக்காடு என்றால் கடைசி ஆண்டுக் கட்டணம் 285, மொத்தம் 2,138. இது படிப்படியான உயர்வு மட்டுமே. நடுநிலையிலிருந்து உயர்நிலைக்கும், அங்கிருந்து மேல்நிலைக்கும் போகும்போது ஆய்வகம், பாடப்பிரிவு என்ற காரணங்களால் ஒரே தாவலாக ஏறும் தொகை இதில் அடங்கவில்லை. மேல்நிலையில் பிள்ளையின் செலவு உச்சத்துக்குப் போகும் ஆண்டுகளில்தான் கல்லூரிக்கான சேமிப்பும் தேவைப்படும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த உயர்வு முழுவதையும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. வில்லியம் பாமோல் என்ற பொருளியலாளர் 1960களில் விளக்கிய ஓர் இயல்பு பள்ளிக்கும் பொருந்தும். தொழிற்சாலையில் இயந்திரத்தின் உதவியால் ஒரு தொழிலாளி செய்யும் உற்பத்தி பெருகுகிறது. ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு வகுப்புக்குத்தான் பாடம் நடத்த முடியும். ஆனால் மற்றத் துறைகளில் சம்பளம் ஏறும்போது ஆசிரியரின் சம்பளமும் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே பள்ளிச் செலவு பொது விலைவாசியைவிட வேகமாக ஏறுவதில் வியப்பில்லை. ஆனால் எல்லா உயர்வுக்கும் இதுவே காரணம் என்றும் நம்பிவிட வேண்டாம். பிரிட்டனில் 50 தனியார் பள்ளிகள் அடுத்த ஆண்டுக்குத் தாங்கள் வைக்கப்போகும் கட்டண விவரங்களைத் தமக்குள் பகிர்ந்துகொண்டது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று அந்நாட்டின் நியாய வணிக அலுவலகம் 2006இல் தீர்ப்பளித்தது. பள்ளியின் கையில் இல்லாத காரணங்களும் உண்டு: அதே பிரிட்டனில் 2025 சனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது. பிள்ளையை நடுவழியில் மாற்ற முடியாத பெற்றோருக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் ரசீது ஒன்றுதான்.

கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதித்துவிட்டால் தீர்ந்தது என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு. கற்பித்தல் கட்டணத்துக்கு மட்டும் வரம்பு வைத்தால், நிர்வாகம் அதற்கு வெளியே இருக்கும் தலைப்புகளை நாடும். வரம்புக்குள் அடங்கிய எண் அழகாகத் தெரியும், சீருடையும் நூலும் பேருந்தும் பருக்கும். மொத்தத் தொகையை வெளியிட வேண்டும் என்ற விதி இதைவிடப் பயனுள்ளதாக இருக்கும் என்பது என் கருத்து. ஒவ்வொரு வகுப்புக்கும் சென்ற ஆண்டில் ஒரு மாணவரிடமிருந்து எல்லாத் தலைப்புகளிலும் சேர்த்து வாங்கிய தொகை எவ்வளவு என்ற ஒரே எண்ணைப் பள்ளி வாசலில் எழுதிவைத்தால், ஒப்பிடும் வேலையைப் பெற்றோரே பார்த்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு விதி வரும் வரை நாமேதான் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் கணக்கை மூன்று பத்திகளாக எழுதுகிறேன். பள்ளியே வாங்குவது முதல் பத்தி. பள்ளி சொன்னதற்காக வேறிடத்தில் வாங்குவது இரண்டாவது. பள்ளி எதுவும் சொல்லாவிட்டாலும் பிள்ளை அங்கே படிப்பதால் மட்டுமே ஏற்படுவது மூன்றாவது. முதல் பத்தியைப் பற்றித்தான் எல்லோரும் புலம்புகிறோம், எங்கள் வீட்டில் வேகமாக வளர்ந்தது மூன்றாவது பத்திதான். புதிதாகச் சேர்ப்பவர்கள் அலுவலகத்தில் கேட்பதைவிட, அதே பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை படிக்கும் பெற்றோரிடம் இந்த மூன்று பத்திகளையும் கேட்பது நல்லது. முதல் வகுப்புப் பெற்றோருக்கு இன்னும் எதுவும் வந்து சேர்ந்திருக்காது. அலுவலகத்தில் கேட்க வேண்டியவை சென்ற ஐந்து ஆண்டுகளின் கட்டண உயர்வு எவ்வளவு, நூல்களைத் தனித்தனியே வாங்கலாமா, சீருடையைச் சின்னம் தைத்துக்கொண்டு வெளியில் வாங்கலாமா, பேருந்துக் கட்டணம் எத்தனை மாதங்களுக்கு என்பவை. உடன்பிறந்தோர் சலுகை தருவதாகச் சொன்னால், அது கற்பித்தல் கட்டணத்துக்கு மட்டுமா, மொத்தத்துக்குமா என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் முதல் தலைப்புக்கு மட்டும்தான் இருக்கும். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

வெளியேறும்போது வரும் செலவையும் உள்ளே நுழையும் முன்பே படித்துவிட வேண்டும். ஒரு பருவத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்காவிட்டால் அந்தப் பருவத்தின் முழுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும் என்ற விதி பல பள்ளிகளின் ஒப்பந்தப் படிவத்தில் இருக்கிறது. வேலை மாற்றத்தால் திடீரென ஊர் மாறுபவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழைத் தாமதப்படுத்துவதும் நடக்கிறது, ஆகவே ஒவ்வொரு பருவத்தின் ரசீதையும் சான்றிதழ் கைக்கு வரும் வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். காப்புத்தொகை தானாகத் திரும்பி வராது. விண்ணப்பம் எழுதி, முதல் ரசீதின் மூலப்படியை இணைத்து, பள்ளி குறித்திருக்கும் காலக்கெடுவுக்குள் கேட்க வேண்டும். கெடு தாண்டினால் அந்தப் பணம் பள்ளியின் நன்கொடைக் கணக்கில் சேர்ந்துவிடும் என்று சில படிவங்களில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் கொடுத்த ரசீதை எங்கே வைத்தோம் என்று அப்போது தேடுவதற்குப் பதிலாக, சேர்க்கை நாளிலேயே அதைப் படம் எடுத்துத் தேதியோடு சேமித்துவிடலாம்.